பொற்றாசியமும் தீவகத்து அடுப்பும்

சிறுநீரகம் செயலிழந்து குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோரின் உணவுக் கட்டுப்பாடு பெரும்பாலும் நோயாளியின் மனவுறுதியைப் பொறுத்த விடயமாகவே பேசப்படுகின்றது. புங்குடுதீவு போன்றதொரு வாழ்களத்தில் வைத்து நோக்குமிடத்து இக்கருத்தின் போதாமை புலப்படும்.

உடலிலுள்ள பொற்றாசியத்தில் ஏறத்தாழ 98 வீதம் கலங்களுக்குள்ளேயே உள்ளது. குருதியில் லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தலே இயல்பு. நரம்பினதும் தசையினதும் மின்னியக்கம் இச்சிற்றளவிலேயே தங்கியுள்ளது. உண்ணும் பொற்றாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரகத்தாலேயே வெளியேறுவது. அது பழுதுபடின் பொற்றாசியம் குருதியிலே தேங்கும். அளவு 6ஐக் கடந்து உயருமாயின், முன்னறிகுறி எதுவுமின்றியே இதயத்துடிப்புக் குலையக்கூடும். வாரம் மும்முறை சுத்திகரிப்புப் பெறுவோருக்கும் நீண்ட இடைவெளியின் இறுதிநாளே ஆபத்து மிக்கது.

தீவகத்திலே அவ்விடைவெளியை நாட்காட்டி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. புங்குடுதீவினர் வேலணைக்கான கடற்பாலத்தையும் பண்ணைப் பாலத்தையும் கடந்தே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடைதல் வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு மக்களோ முதலிற் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேற வேண்டியவர்கள். கடல் கொந்தளித்து ஒருமுறை தவறுமாயின், முதல்நாள் பருகிய இளநீரே நஞ்சாகலாம்.

பலருக்கு விதிக்கப்படும் நாளெல்லை 2,000 முதல் 3,000 மில்லிகிராம். ஒரு குவளை இளநீரிலேயே ஏறத்தாழ 500 மில்லிகிராம் உண்டு. மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மீன், நண்டு யாவும் ஒன்றாக வேகும் ஒடியற்கூழிலே, அவற்றிலிருந்து கரைந்த பொற்றாசியம் முழுவதும் கூழோடு உள்ளே செல்கின்றது. பனங்கட்டியிலும் பனாட்டிலும் நீர் வற்றுகின்றதேயன்றி உப்புக்கள் வற்றுவதில்லை. உப்புக்குப் பதிலாக விற்கப்படும் சில 'மாற்றுப்புகள்' பொற்றாசியம் குளோரைட்டே. அவை அறவே விலக்கத்தக்கன.

எனினும் பொற்றாசியம் நீரிற் கரைவது. கிழங்கைத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை ஊற்றிவிடின் கணிசமான பகுதி நீங்கும். கீரை அவித்த நீரைக் குடித்தலாகாது. இம்முறை எமது பெண்களுக்குப் புதிதன்று: ஒடியல்மாவை ஊறவைத்து நீரை வடித்துக் காறலைப் போக்குபவர்கள் அவர்களே.

பட்டினி இதற்குத் தீர்வாகாது. உணவின்றி உடற்கலங்கள் சிதையுமிடத்து அவற்றுள்ளிருந்த பொற்றாசியமே குருதிக்கு வந்து சேரும். எவருக்கு எவ்வளவு என்பதை அவரவர் குருதிப் பரிசோதனை கொண்டு வைத்தியரே வரையறுத்தல் வேண்டும்.

இங்கேதான் முரண்பாடு முனைப்புறுகின்றது. 'நிறைந்த நீரில் அவித்து ஊற்றுக' என்பது குழாய்நீருள்ள வீட்டுக்கு எளிய அறிவுரை. கிணறுகள் பல உவர்நீராகிப்போன தீவிலோ நன்னீர் காத்திருந்து நிரப்பிச் சுமந்துவரப்படும் பொருள். சுமப்பவள் பெரும்பாலும் நோயாளியின் மனைவி அல்லது மகள். அவளது உழைப்பு எந்த மருத்துவக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. உவர்நீரிற் சமைத்தாலோ சோடியம் மிகுந்து தாகம் பெருகும். சுத்திகரிப்புப் பெறுவோருக்குக் குடிநீரும் அளவுக்குட்பட்டதே.

ஆகவே அப்பிளையும் பாணையும் பட்டியலிடும் துண்டுப்பிரசுரம் போதாது. ஒடியலையும் மரவள்ளியையும் பெயர்சொல்லிப் பேசும் உணவறிவும், நோயாளர் வீடுகளுக்கு முதலிடம் தரும் நன்னீர் விநியோகமும், தவறாத போக்குவரத்தும் மருந்துக்கு நிகரான சிகிச்சையே. இவற்றை வழங்காது நோயாளியின் நாவை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் விஞ்ஞானமாகாது.