பிளாக்செயினுக்கு விண்வெளியில் என்ன வேலை?

விண்வெளித் தொழில்நுட்பம், பிளாக்செயின், பரவலாக்கப்பட்ட இணையம் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் சேர்த்து, மாணவர்களையும் இளம் பொறியாளர்களையும் கட்டுரை எழுத அழைக்கும் போட்டிகள் இப்போது நடக்கின்றன. மூன்றுமே எதிர்காலத்தைப் பேசும் சொற்கள் என்பதால் ஒரே வாக்கியத்தில் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. அப்படிச் சேர்ப்பதற்கு முன் எழுதுபவர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இந்த மூன்றில் எது விண்வெளிக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதில் பெரும்பகுதியை அந்த விடையே சொல்லிவிடும்.

ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ரேடியோ அலைக்கும் அதே வேகம்தான். அதை மிஞ்சி எந்தச் செய்தியும் போக முடியாது. நிலவுக்கு 1.3 நொடி ஆகும். செவ்வாயின் தூரம் மாறிக்கொண்டே இருப்பதால், அங்கே போக 3 நிமிடமும் ஆகலாம், 22 நிமிடமும் ஆகலாம். இது போக மட்டும் ஆகும் நேரம். பதில் வர இன்னொரு மடங்கு காத்திருக்க வேண்டும்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் இணையம் இந்தக் காத்திருப்பை நினைத்து உருவாக்கப்பட்டதல்ல. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்ட டிசிபி நெறிமுறையில், தரவு நகரும் முன்பே இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கூப்பிட்டு, பதில் பெற்று, இணைப்பை உறுதி செய்துகொள்கின்றன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் இது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். செவ்வாய் தொலைவில் இருக்கும் நாட்களில் முதல் ‘வணக்கம்’ போய்ப் பதில் வரவே 44 நிமிடம் ஆகும். அதற்குள் செவ்வாய் சுழன்று, அங்குள்ள ஆன்டெனா பூமியின் பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும். இது போதாதென்று சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன் இரு கோள்களுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. அப்போது ஏறத்தாழ 2 வாரம் நாசா தன் செவ்வாய்க் கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவைக்கிறது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவும் செர்ஃபே இறங்கினார். 1998இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஏட்ரியன் ஹூக் உள்ளிட்டோருடன் சேர்ந்து கோள்களுக்கு இடையிலான இணையம் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தாமதத்தைத் தாங்கும் வலையமைப்பு. இதில் முனைக்கு முனை அறுபடாத இணைப்பு தேவையில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு கலமும் தரவை ஒரு பொதியாக வாங்கித் தன்னிடம் சேமித்துக்கொள்ளும். அடுத்த கலம் கண்ணில் படும்வரை, மணிக்கணக்கில் ஆனாலும், பொறுப்போடு வைத்திருந்து பிறகு கைமாற்றும். 2008 நவம்பரில் பூமியிலிருந்து சுமார் 3.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு நாசா கலத்துடன் இது சோதிக்கப்பட்டது. 2022இல் தென்கொரியாவின் டனுரி நிலவுக் கலம், போகும் வழியில் சுமார் 12 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பிடிஎஸ் குழுவின் பாட்டு வீடியோ ஒன்றை இதே முறையில் அனுப்பியது. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோளில் இது சோதனைக் கட்டத்தைத் தாண்டி அன்றாட வேலைக்கே வந்துவிட்டது.

இந்த வலையமைப்பில் தொலைதூர இணைப்புகளுக்கான ஒரு நெறிமுறைக்கு லிக்லைடரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இணையம் பிறப்பதற்கு முன்பே, 1963இல், தன் சக ஆய்வாளர்களை ‘விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான கணினி வலையமைப்பின் உறுப்பினர்கள்’ என்று விளித்துக் குறிப்பு எழுதியவர் அவர். அந்தப் பெயர் இன்று ஆழ்விண்வெளி நெறிமுறை ஒன்றில் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

பரவலாக்கப்பட்ட இணையம் என்று சொல்லும்போது பலருக்கு நினைவுக்கு வருவது கிரிப்டோ நாணயம். அதன் அடித்தளக் கருத்து வேறு. இப்போது ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அது எந்தச் சர்வரில், எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்கிறோம். ஹுவான் பெனெட் 2014இல் முன்வைத்த ஐபிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறை இதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹேஷ் என்ற ஓர் எண் கணிக்கப்படுகிறது. அது கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முழுதாக மாறிவிடும். ஆகவே ‘அந்த இடத்தில் இருப்பதைக் கொடு’ என்று கேட்பதற்குப் பதில், ‘இந்த ஹேஷ் கொண்ட கோப்பு யாரிடம் இருந்தாலும் கொடு’ என்று கேட்கலாம். 2017இல் துருக்கி அரசு விக்கிப்பீடியாவைத் தடை செய்தபோது, துருக்கிய மொழி விக்கிப்பீடியாவின் நகலை ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றினார்கள். ஒரே முகவரியை முடக்கி முழுக் கோப்பையும் மறைத்துவிட முடியாது என்பதுதான் அதன் பலம்.

விண்வெளிக்கு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள். செவ்வாயில் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பூமியிலிருந்து ஒரு மருத்துவக் கையேட்டை இறக்கிவிட்டார். இரண்டாமவருக்கும் அதே கையேடு வேண்டும். இன்றைய முறைப்படி அவரும் பூமியிலுள்ள சர்வரைத்தான் கேட்பார், முக்கால் மணி நேரம்வரை காத்திருப்பார். ஹேஷைக் கொண்டு கேட்டால் பக்கத்து அறைக் கணினியிலிருந்தே வந்துவிடும். வந்தது அசல்தானா என்ற சந்தேகமும் வராது, ஹேஷைக் கணக்கிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சரிபார்ப்பு விண்வெளியில் ஆடம்பரமல்ல. கதிர்வீச்சு நினைவகத்தில் உள்ள பிட்டுகளை மாற்றிவிடக்கூடிய இடம் அது. 2010இல் வாயேஜர் 2 அனுப்பிய அறிவியல் தரவு திடீரென்று புரியாத வடிவில் வரத் தொடங்கியது. அதன் கணினி நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆக மாறியிருந்ததுதான் காரணம். கலம் அப்போது ஒளியே 13 மணி நேரம் பயணப்பட வேண்டிய தொலைவில் இருந்தது.

2024 ஜனவரியில் ஃபைல்காயின் அறக்கட்டளையும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும், ஐபிஎஃப்எஸ்ஸின் விண்வெளிக்கேற்ற வடிவம் ஒன்றின் மூலம் சுற்றுப்பாதையிலுள்ள செயற்கைக்கோளுக்குக் கோப்புகளை அனுப்பித் திரும்பப் பெற்றதாக அறிவித்தன. முதல் அடிதான், ஆனாலும் சரியான திசையில் வைத்த அடி. ஒரு குறையை மறந்துவிடக் கூடாது. யாரோ ஒருவர் கோப்பைத் தன் கணினியில் தொடர்ந்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். ஹேஷ் கோப்பை அடையாளம் காட்டுமே தவிர, காப்பாற்றாது.

பிளாக்செயின் கதை வேறு. அது பொதுவான ஒரு கணக்கேடு. ஒருவரையொருவர் நம்பாத ஆயிரக்கணக்கான கணினிகள், அடுத்த வரி என்ன என்பதில் ஒத்துப்போக வேண்டும். கோப்பைப் பிரதி எடுக்கத் தாமதம் தடையில்லை. ஒத்துப்போவதற்கு அது பெரிய தடை.

பிட்காயினையே எடுத்துக்கொள்வோம். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது கணக்கேட்டின் ஒரு புதிய பக்கம், சேரும்படி அது அமைந்திருக்கிறது. இரண்டு சங்கிலிகள் போட்டியிட்டால் அதிகக் கணிப்பு உழைப்பு செலவான சங்கிலி வெல்லும். செவ்வாய் 22 நிமிடத் தொலைவில் இருக்கும்போது அங்கே ஒருவர் மைனிங் செய்கிறார், அதாவது புதிய பிளாக்கைக் கண்டுபிடிக்க முயல்கிறார் என்று வையுங்கள். அவர் கண்ணில் படும் கடைசி பிளாக் 22 நிமிடம் பழையது. அதன் மேல் புதிய பிளாக்கை உடனே கண்டுபிடித்து அனுப்பினாலும், அது பூமிக்கு வர இன்னொரு 22 நிமிடம் ஆகும். அதற்குள் பூமியின் சங்கிலி சராசரியாக 4 பிளாக்குகள் முன்னே போயிருக்கும். செவ்வாய்க்காரரின் உழைப்பு ஏறக்குறைய எப்போதும் வீணாகும். இதற்குக் கணினியின் வேகம் குறை என்று சொல்ல முடியாது. எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியாது.

சூரியன் குறுக்கே வரும் அந்த 2 வாரத்தில் நிலைமை இன்னும் மோசம். தொடர்பு முழுதாக அறுந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்கு எழுதிக்கொண்டே போகும். 2 வாரம் என்றால் சுமார் 2,016 பிளாக்குகள். தொடர்பு திரும்பியதும் குறைந்த உழைப்பு கொண்ட பக்கத்தின் கணக்கு முழுவதும் செல்லாமல் போகும். சம்பளம் வாங்கியவர், பொருள் விற்றவர் எல்லோருடைய வரியும் அழியும்.

ஆகவே செவ்வாயில் இருப்பவர் பூமியின் கணக்கேட்டைப் படிக்கலாம், காத்திருந்து பணம் அனுப்பலாம், பெறலாம். பூமியோடு சமமாக உட்கார்ந்து அதை எழுத முடியாது. அங்கே தனிக் கணக்கேடு வேண்டும், இரண்டுக்கும் இடையே மெதுவான ஒரு பாலம் வேண்டும். கோள்களுக்கெல்லாம் ஒரே நாணயம், ஒரே பிளாக்செயின் என்று உற்சாகமாக எழுதும் கட்டுரைகள் தடுமாறுவது இங்கேதான்.

பூமிக்கு அருகில் நிலைமை வேறு. பிளாக்ஸ்ட்ரீம் நிறுவனம் 2017 ஆகஸ்டிலிருந்து, வாடகைக்கு எடுத்த புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக பிட்காயின் கணக்கேட்டை ஒலிபரப்புகிறது. சிறிய டிஷ் ஆன்டெனா இருந்தால் இணையம் இல்லாத ஊரிலும் கட்டணமின்றி அதைப் பெறலாம். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம், கால் நொடித் தாமதம், 10 நிமிட பிளாக்குக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆனால் வானிலிருந்து வருகிறது என்பதற்காகவே ஓர் இணையம் பரவலாகிவிடாது. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த நாளில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவையின் மேலாண்மை வலையமைப்புக்குள் ஊடுருவியவர்கள், அங்கிருந்தே மோடம்களுக்கு அழிவுக் கட்டளை அனுப்பினார்கள். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐரோப்பா முழுவதும் பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன, போரோடு சம்பந்தமே இல்லாத ஜெர்மனியின் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்பை இழந்தன. ஒரே சாவி ஒரே கையில் இருந்ததால் வந்த வினை. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் இணையச் சேவையில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் பறக்கின்றன. அவ்வளவையும் இயக்குவது ஒரே நிறுவனம்தான்.

பிளாக்செயினின் ஒரு பகுதிக்காவது உண்மையான தேவை சுற்றுப்பாதையில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 2019 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் ஒன்றோடு மோதாமல் இருக்கத் தன் ஏயோலஸ் செயற்கைக்கோளை உயர்த்தியது. இரு தரப்பும் மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டிருந்தன. மோதும் வாய்ப்பு அதிகரித்ததைச் சொன்ன தகவல், அழைப்பு முறையில் இருந்த ஒரு பிழையால் தன் பணியாளர் கண்ணில் படவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் பின்னர் விளக்கியது. யார் எப்போது என்ன சொன்னார், யார் நகர ஒப்புக்கொண்டார் என்பதைப் பிறகு யாரும் திருத்த முடியாதபடி, எல்லா நாடுகளும் நிறுவனங்களும் பார்க்கும்படி பதிவு செய்யும் பொது ஏடு ஒன்று இருந்தால் பயன்படும். அதற்கு நாணயம் தேவையில்லை. ஹேஷ்களால் கோக்கப்பட்ட, கையொப்பமிட்ட பதிவுகளே போதும். தவறான சுற்றுப்பாதைத் தரவை யாராவது எழுதினால் அதுவும் அழியாமல் நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த பெரிய சோதனைக் களம் நிலவு. நாசா, ஐரோப்பிய, ஜப்பானிய முகமைகள் சேர்ந்து வகுத்துவரும் லூனாநெட் தரநிலைகளில் தாமதத்தைத் தாங்கும் வலையமைப்புக்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே போய்வர 2.6 நொடிதான் ஆகும். எதீரியம் என்ற பிளாக்செயினில் 12 நொடிக்கு ஒரு பிளாக் வரலாம், அதற்கான வாக்குகளை முதல் 4 நொடிக்குள் இட வேண்டும். பூமியில் உருவான பிளாக் 1.3 நொடியில் நிலவுக்குப் போய், அங்குள்ள கணினி வாக்களித்து, அது 2.6 நொடியில் பூமிக்குத் திரும்பிவிடும். வழியில் உள்ள கலங்கள் நேரத்தை அதிகம் தின்னாவிட்டால், பூமியின் கணக்கேட்டில் நிலவிலிருந்தும் ஒருவர் வாக்களிக்க இயற்பியல் இடம் கொடுக்கிறது.