தழும்பு ஆறிற்று, இருதயம்?

“ஆபரேஷன் ஆகிவிட்டதுங்க. இனிப் பயமில்லை!”

இப்படிச் சொல்லும் தந்தையின் முகத்திலே ஒரு மலர்ச்சி தெரிகிறதே, அதைக் கண்டபிறகு, ‘இல்லை ஐயா, வேலை பாதிதான் முடிந்திருக்கிறது’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது? மார்பின் நடுவே நெடிய தழும்புடன் பள்ளி மைதானத்திலே ஓடியாடிய பிள்ளை, இருபது இருபத்தைந்து வயதிலே மூச்சு முட்டி மருத்துவமனை வாசலிலே நிற்கிறான். “முன்பே வந்திருக்கக் கூடாதா?” என்கிறார் மருத்துவர். வரவேண்டும் என்று அவனிடம் சொன்னது யார்?

நீலக் குழந்தை என்பார்கள். அழுதால் உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் இடையே ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியிலே இடுக்கு. ஓட்டையின் மேலே நகர்ந்து நிற்கும் பெருநாடி. தடித்துப்போன வலப்புறக் கீழறை. ஆக நான்கு கோளாறுகள். 1888-இல் இதை விளக்கி எழுதிய ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயராலேயே இந்நோய் இன்றும் வழங்குகிறது.

இந்தக் குழந்தைகளுக்கு வாழ்வு கிடைத்த கதையிலே ஒரு நீக்ரோத் தொழிலாளியின் பங்கு உண்டு. அந்நாளில் அவ்வாறுதான் கருப்பினத்தவரை அழைத்தார்கள். விவியன் தாமஸ் என்பது அவர் பெயர். மருத்துவராக விரும்பியவர், கல்லூரிக்கென்று சேர்த்த பணம் பொருளாதார மந்தத்திலே வங்கியோடு மூழ்கிற்று. நாய்களின் மீது அறுவை செய்து செய்து முறையைக் கண்டவர் அவர். 1944 நவம்பர் 29-ஆம் நாள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நீலக் குழந்தைக்குக் கத்தி வைத்தவர் பிளாலாக். அவர் பின்னால் முக்காலியின்மேல் நின்று, ‘இப்படி, இப்படி’ என்று வழி சொன்னவர் தாமஸ்! மறு ஆண்டு வெளியான கட்டுரையிலே பிளாலாக் பெயரும் ஹெலன் டாசிக் பெயரும் இருந்தன. தாமஸ் பெயர்? தேடினாலும் கிடைக்காது. கௌரவ டாக்டர் பட்டம் தந்தார்கள், 1976-இல்!

அன்று செய்தது மாற்றுவழி அமைத்தது மட்டுமே. 1954-இல் மினசோட்டாவிலே லில்லெஹை இருதயத்தையே திறந்து ஓட்டையை அடைத்தார், இடுக்கை அகலப்படுத்தினார். இன்று நம் நாட்டிலும் செய்யப்படுவது அவ்வழி வந்த அறுவைதான்.

அகலப்படுத்தியதிலேதான் விஷயம் இருக்கிறது. நுரையீரல் வழியிலே வால்வு ஒன்று உண்டு. இரத்தத்தைப் போகவிட்டு, திரும்பி வராமல் சாத்திக்கொள்ளும் கதவு. இடுக்கு மிகுந்த குழந்தைகளுக்கு அந்தக் கதவையே வெட்டி, குறுக்கே ஒட்டுப் போட்டாகவேண்டும். உயிர் பிழைக்கிறது, ஆனால் கதவு சாத்துவதில்லை. தள்ளிய இரத்தத்திலே ஒரு பங்கு திரும்பி வருகிறது. வலப்புறக் கீழறை ஆண்டுக்காண்டு பருக்கிறது. வலி உண்டா? இல்லை. நீலம் உண்டா? அதுவும் இல்லை. பிள்ளை சிரிக்கிறான், விளையாடுகிறான், தேர்வு எழுதுகிறான்.

புதிய வால்வு வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். சீக்கிரம் வைத்தால் அது தேய்ந்து, மறுபடி வேறு வைக்க நேரிடும். தாமதித்தாலோ, பருத்த அறை பழைய நிலைக்குத் திரும்பாது. இருதயத் துடிப்பே தடம் புரளக்கூடும். எது தக்க வேளை? அதைக் காட்டத்தான் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

எக்கோ போதாதா? பல காரியங்களுக்குப் போதும். ஆனால் வலப்புறக் கீழறை பிறை போல வளைந்தது. மார்பெலும்பின் பின்னே ஒளிந்தது. வளர்ந்த பிள்ளைகளிடம் எக்கோ அதை நிறுத்து அளக்கத் தடுமாறும். காந்தப் படம் அந்த அறையைத் துண்டு துண்டாகக் காட்டி, கொள்ளளவை மில்லி கணக்கிலே சொல்லிவிடும். திரும்பும் இரத்தம் நூற்றுக்கு எத்தனை என்றும் சொல்லும். உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 160 மில்லியை அந்த அறை எட்டினால், வால்வைப் பற்றி மருத்துவர்கள் தீவிரமாக யோசிக்கிறார்கள். எக்ஸ்ரே கதிர் ஒரு துளியும் இல்லை. வாழ்நாள் முழுவதும் சோதிக்க வேண்டிய பிள்ளைக்கு அது சின்ன விஷயமா!

1973-இல் லாட்டர்பர் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது; 2003-இல் அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு! நம் உடம்பின் நீரிலே உள்ள ஹைட்ரஜன் அணுக்களை அது பேச வைக்கிறது.

பிள்ளைதான் அசையக்கூடாது. குழாய் போன்ற கருவிக்குள்ளே சுமார் ஒரு மணி நேரம், தடதடவென்று ஓசை, “மூச்சைப் பிடி... விடு” என்று இடையிடையே ஒரு குரல். பத்து வயதுக்காரன் செய்துவிடுவான், முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால். பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு நம் பாட்டிமார் அறிந்த உபாயமே போதும்: வயிறாரப் பால் கொடுத்து, துணியிலே சுற்றி, காதை மூடித் தூங்கவிட்டுப் படம் எடுத்துவிடுகிறார்கள். இடைப்பட்ட வயதுக்குத்தான் மயக்க மருந்து. அதற்குச் சிறுவர் இருதயம் அறிந்த மயக்க மருத்துவர் தேவை. அறைக்குள் இரும்பு போகவே கூடாது. 2001-இல் அமெரிக்காவிலே ஆறு வயதுச் சிறுவனின் ஸ்கேன் நடக்கையில் உள்ளே கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்தது, சிறுவன் மாண்டான். கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறவிக் கோளாறுகளைத் தேடி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழுக்களை அனுப்பும் தேசியத் திட்டம் 2013-இலே வந்தது. நல்ல திட்டம், பாராட்டுகிறோம். அதன் வரம்பு 18 வயது. கசிவுக்கு வயது வரம்பு கிடையாதே! அறுவைக்குத் தொகை ஒதுக்கும்போதே பிற்காலத்து ஸ்கேனுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள் என்கிறோம். அறுவையான பிள்ளைகளின் பெயரை ஏட்டிலே பதிந்து, ‘இந்த ஆண்டு வா’ என்று கடிதம் போடுங்கள் என்கிறோம். வால்வு வைப்பதா வேண்டாமா என்பதை மூச்சு முட்டியபிறகு அவன் தானாக வந்து கேட்கும்படி விடலாமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷன் தாள்களை ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். எந்தத் தேதியில் நடந்தது, வால்வின் குறுக்கே ஒட்டுப் போட்டார்களா, உள்ளே உலோகம் ஏதும் வைத்தார்களா என்ற விவரமெல்லாம் ஸ்கேனுக்குப் போகும்போது தேவைப்படும். மார்பெலும்பைக் கட்டிய கம்பி பெரும்பாலும் தடையாகாது. பேஸ்மேக்கர் இருந்தால், நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.