நுண்ணுயிர்களின் மரபும் நமது பொறுப்பும்

பாலுக்கு உறை ஊற்றும் தாய்மார் முதல் நெல்வயலில் நோய் கண்டு கவலையுறும் உழவர் ஈறாக, நம் சங்கத்து அங்கத்தினர் அனைவரும் நாள்தோறும் நுண்ணுயிர்களோடு பழகி வருகின்றோம். அவை கண்ணுக்குப் புலனாவதில்லை. அவற்றின் செயலோ நன்கு புலனாகின்றது. பால் தயிராவதும், நிலக்கடலை வேரில் முடிச்சு உண்டாகி மண் வளம் பெறுவதும் அவற்றின் நற்பணிகள். காசநோயும், கறவைமாட்டின் மடிநோயும், நெல்லின் இலைக்கருகலும் அவற்றுள் சிலவற்றின் தீச்செயல்கள்.

தீயவற்றை அடக்குவதற்குச் சென்ற நூற்றாண்டில் அரிய மருந்துகள் பல கிடைத்தன. ஆயின், “முன்பு இரண்டு ஊசியில் தீர்ந்த நோய் இப்போது தீரவில்லையே!” என்னும் குறை இன்று மருத்துவமனையிலும் எழுகின்றது, மாட்டுத் தொழுவத்திலும் எழுகின்றது. இதற்கு ஒரு பெருங்காரணம் நுண்ணுயிர்களின் மரபு மாறி வருவதேயாகும். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதில் நமக்குள்ள பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஜக்கார்டு அட்டையும் ஜீனும்

மரபு என்பது யாது? நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. சேலைக் கரையில் மயில் தோன்ற வேண்டுமெனின், அம்மயில் முன்னதாகவே ஜக்கார்டுப் பெட்டியின் அட்டைகளில் துளைகளாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். துளையுள்ள இடத்தில் பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்தில் எழாது. அட்டை சொல்லும், தறி செய்யும்.

உயிர்களின் உடலிலும் இத்தகைய அட்டைத் தொடர் ஒன்று உண்டு. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். துளைகளுக்குப் பதிலாக அதில் நான்கு வகை இரசாயன எழுத்துக்கள் மாறி மாறி நிற்கின்றன. ஒரு பொருளைச் செய்வதற்குரிய கட்டளை அடங்கிய பகுதியே ஜீன் என்னும் மரபணு. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் தொடர் முழுவதையும் 1997-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் படித்து முடித்தனர். அதில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துக்களும், 4,300 அளவிலான ஜீன்களும் உள்ளன.

அட்டை உளதேல் தறியும் வேண்டுமன்றோ? ஜீன் கூறும் வண்ணம் புரதங்களைச் செய்யும் தறிக்கு ரிபோசோம் என்று பெயர். அதன் அமைப்பைத் துல்லியமாகக் கண்டறிந்து, 2009-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆவார். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து பாக்டீரியாவின் அத்தறியில் எவ்விடத்தில் பற்றிக்கொண்டு வேலையைக் குலைக்கின்றது என்பதையும் அவருடைய குழுவினர் 2000-ஆம் ஆண்டில் காட்டினர்.

பிரதியில் நேரும் பிழை

ஈ. கோலை தக்க சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பத்து மணி நேரத்தில் 107 கோடியாகப் பெருகக் கூடும். ஒவ்வொரு முறையும் 46 லட்சம் எழுத்துக்களும் பிரதி செய்யப்பட வேண்டும். இவ்வேலை வியக்கத்தக்க திருத்தத்துடன் நடைபெறுகின்றது; சில நூறு அல்லது ஆயிரம் பிரதிகளுக்கு ஓர் எழுத்தே பிழைபடுகின்றது. எனினும் கோடிக்கணக்கான பிரதிகளில் இலட்சக்கணக்கான பிழைகள் சேர்ந்துவிடுகின்றன. தவறிக் குத்திய துளை பெரும்பாலும் சேலைக்குக் கேடே ஆவது போல, இப்பிழைகளுள்ளும் பயன் தருவன மிகச் சிலவே. அரிதாக ஒரு பிழையால், மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவம் மாறிவிடுகின்றது. மருந்து அங்குப் பொருந்தாது, நுண்ணுயிர் பிழைத்துக்கொள்ளும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: மருந்தைக் கண்டு அஞ்சித்தான் நுண்ணுயிர் தன் மரபை மாற்றிக்கொள்கின்றதோ? அன்று என்று 1943-ஆம் ஆண்டில் லூரியா, டெல்புருக் என்னும் இரு விஞ்ஞானிகள் தம் சோதனையால் நிறுவினர். மாற்றம் தற்செயலாக முன்பே நிகழ்ந்துவிடுகின்றது. மருந்து அம்மாற்றத்தை உண்டாக்குவதில்லை. மாறாதவற்றையெல்லாம் அழித்து, மாறியதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கின்றது. களைக்கொல்லிக்கு மடியாத ஒரு களை, மற்றவை மடிந்தபின் வயல் முழுதும் பரவுவதை இதற்கு ஒப்பிடலாம்.

சென்னை கற்பித்த பாடம்

இவ்வுண்மையின் பயனை நம் மாநிலம் நேரிற் கண்டதுண்டு. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. அதுவே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. அக்காலத்தில் காசநோயாளர் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் பெற்றாலன்றிக் குணமடையார் என்பது கொள்கை. சென்னை நிலையத்தார் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு அவரவர் குடிசையிலும் ஒரே இரட்டை மருந்தை ஓராண்டு காலம் அளித்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் வெளிவந்த முடிவு கூறிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு இஃது எத்தகைய ஆறுதல் என்று சொல்லவும் வேண்டுமோ!

ஒரு மருந்து போதாதா, இரண்டு எதற்கு எனின், விடை மரபுக் கணக்கில் உள்ளது. நுரையீரலில் புண்பட்ட ஒரு குழியில் 10 கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றுள் ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு அடங்காதது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. எனவே அம்மருந்தை மட்டும் கொடுப்பின் நூறு கிருமிகள் எஞ்சிப் பெருகும். இரு மருந்துக்கும் ஒருங்கே அடங்காதது லட்சம் கோடியில் ஒன்றே. அது 10 கோடியில் இருத்தல் அரிது. ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று அழிக்கும். நடுவில் மருந்தை நிறுத்துவோரும், ஒன்றை உண்டு ஒன்றை விடுவோரும் இக்கணக்கைத் தாமே குலைத்துக்கொள்கின்றனர்.

அண்டையார்க்கு இரவல்

இதுகாறும் கூறியது தாய்வழி மரபு. நுண்ணுயிர்களிடம் இன்னொரு வழியும் உண்டு. நம்மிடையே தந்தையின் இயல்பு மகனுக்கு வரும். அண்டை வீட்டாரின் இயல்பு வருவதில்லை. பாக்டீரியாக்களோ ஜீன்களை அண்டையார்க்கே இரவல் கொடுக்கின்றன!

1928-ஆம் ஆண்டில் இலண்டனில் கிரிபித் என்பவர், நோய் செய்யாத நிமோனியாக் கிருமிகளோடு, வெப்பத்தால் கொல்லப்பட்ட கொடிய வகையைக் கலந்து எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் மாண்டன. செத்த கிருமியிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குள் புகுந்து அதன் குணத்தை மாற்றியிருந்தது. அப்பொருள் டி.என்.ஏ. என்று 1944-இல் ஏவரியும் அவருடன் உழைத்த இருவரும் கண்டனர். 1946-இல் லெடர்பெர்க், டாட்டம் என்போர், உயிருள்ள பாக்டீரியாக்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டு ஜீன்களைக் கொடுத்து வாங்குவதைக் காட்டினர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரசும் ஒன்றன் ஜீனைச் சுமந்து மற்றொன்றில் சேர்ப்பதுண்டு என்பது 1952-இல் அறியப்பட்டது.

இவ்விரவலுக்குப் பெரிதும் உதவுவது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம். தறிக்கு உரிய அட்டைத் தொடர் ஒருபுறமிருக்க, தனியே கட்டி வைத்த ஒரு சிறு புட்டா அட்டைக் கட்டை அதற்கு உவமையாகக் கூறலாம். அதனைப் பிரதி செய்து அடுத்த தறிக்காரருக்குக் கொடுக்கலாம். கொடுத்தவரிடமும் அது குறையாது. மருந்தைச் சிதைக்கும் ஜீன்கள் பல இவ்வளையங்களில் அமைந்துள்ளன. ஒரே வளையம் பல மருந்துகளை எதிர்க்கும் ஜீன்களை ஒருங்கே சுமந்து, ஓரினத்திலிருந்து வேறினத்திற்குச் செல்வதை 1959-இல் ஜப்பானியர் வயிற்றுக்கடுப்புக் கிருமிகளில் கண்டறிந்தனர்.

2010-ஆம் ஆண்டின் எச்சரிக்கை

இந்நிகழ்ச்சி நம் நாட்டிற்கும் எட்டாததன்று. புது டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடமிருந்து 2008-இல் ஸ்வீடனில் எடுக்கப்பட்ட கிருமியில், என்.டி.எம்.-1 என்னும் புதிய ஜீன் காணப்பட்டது. பிற மருந்துகள் பயனற்றபோது கையாளும் கார்பாபெனம் வகை மருந்துகளையும் சிதைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் எடுத்த 44 கிருமி மாதிரிகளிலும், அரியானாவில் 26-இலும், பிரிட்டனில் 37-இலும், இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73-இலும் அந்த ஜீன் இருந்தது. அது பெரும்பாலும் பிளாஸ்மிடிலேயே அமர்ந்திருந்தது. சென்னை மாதிரிகளிலோ வேறு பாக்டீரியாவுக்கு எளிதில் தாவும் தன்மையுடனும் இருந்தது.

இதனையொட்டி 2012-இல் மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, இம்மருந்துகளைக் கட்டுப்பாட்டுடன் வழங்குதற்கான ‘சென்னைப் பிரகடனம்’ ஒன்றை வகுத்தன. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத முக்கிய மருந்துகளுக்கென எச்-1 என்னும் தனி அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

வயலிலும் தொழுவத்திலும்

மருத்துவமனைக் கிருமிக்கும் வயற் கிருமிக்கும் இடையே வேலி ஏதும் இல்லை. பேரிக்காய், ஆப்பிள் தோட்டங்களில் கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்து வந்த அமெரிக்காவில், 1971-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அம்மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றிற்று. அது பிரதிப் பிழையின் விளைவு. பின்னர் மிச்சிகனில் கண்ட எதிர்ப்போ இரவல் ஜீன்களால் வந்தது. அதே ஜீன்கள் மனிதரிடமும் கால்நடைகளிடமும் எடுத்த பாக்டீரியாக்களிலும் உள்ளன.

கால்நடைத் துறையிலும் இதுவே நிலை. கோலிஸ்டின் என்பது மருத்துவரின் கடைசி ஆயுதங்களுள் ஒன்று. அதனை எதிர்க்கும் ஜீன் பிளாஸ்மிடில் ஏறிப் பரவுவதை 2015-இல் சீனாவில் பன்றிகளிடத்தும் நோயாளரிடத்தும் கண்டனர். 2019-இல் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் அம்மருந்தைத் தடைசெய்தது.

நாம் செய்யத்தக்கவை

ஏனாத்தூர்ப் பகுதி அங்கத்தினர் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம்.

முதலாவது: சளி, சாதாரணக் காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் வைரசால் வருவன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அவற்றிற்குப் பயன்படாது. மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்குதலும், வீட்டில் மிஞ்சிய மாத்திரையை அடுத்தவர்க்குக் கொடுத்தலும் கூடா. மருத்துவர் குறித்த அளவும் காலமும் தவறாமல் உண்ணல் வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிப்பின் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்க. காசநோய் மருந்து அங்கு இலவசம்.

இரண்டாவது: மடிநோய்க்கு ஊசியிட்ட மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் கூறும் நாள்வரை சங்கத்தில் ஊற்றலாகாது. அப்பாலில் எஞ்சிய மருந்து தயிர்க் கிருமிகளையும் கொன்றுவிடுமாதலால், உறை ஊற்றினாலும் சரியாகத் தோயாது. கறக்குமுன் மடியையும் கையையும் கழுவுவது நோயையும் குறைக்கும், மருந்துச் செலவையும் குறைக்கும்.

மூன்றாவது: நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் கண்டவுடன் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்தைத் தேடி ஓடுதல் வேண்டா. எதிர்ப்புள்ள இரகத்தைப் பயிரிடல், தழைச்சத்தை மிகுதியாக இடாமை, நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாமை, நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாமை ஆகியவையே முதற்காப்பு. ஐயமுறின் வேளாண்மை அலுவலரைக் கேட்டறிக.

நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரி நீர் ஊர்ப்பொது. ஒருவர் வீணாக்கின் கடைமடையார் வயல் காயும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுச் சொத்தே. ஒரு வீட்டில் வீணாகும் மாத்திரை, அவ்வீட்டுக் கிருமியை மட்டும் வலுப்படுத்தி நிற்பதில்லை. கிருமிகள் தம் பலத்தை இரவல் கொடுப்பதால், அண்டை வீட்டுக் குழந்தையின் நோய்க்கும் அடுத்த தெரு மாட்டின் நோய்க்கும் மருந்தில்லாமற் போகின்றது. ஆதலின் மருந்தை அளவறிந்து காத்தலைச் சங்கத்தின் பொதுக் கடமைகளுள் ஒன்றாக அங்கத்தினர் ஒவ்வொருவரும் மேற்கொள்வாராக.