நடைமூட்டை – 9: நூறு கிராம் கொங்காணி

மழை பிடித்துக்கொண்டால் வயலில் நிற்பவர் கோணிச்சாக்கு ஒன்றை உதறி எடுப்பார். அடிப்பக்கத்து மூலைகளில் ஒன்றை மற்றதற்குள் தள்ளிவிட்டால் கூம்பு போல ஒரு தொப்பி வந்துவிடும். தலை கூம்புக்குள், மீதிச் சாக்கு முதுகில், கை இரண்டும் களை பறிக்கக் காலி. கொங்காணி என்றும் கொங்காடை என்றும் ஊருக்கொரு பெயர். பொத்தான் கிடையாது, ஜிப் கிடையாது, காசும் கிடையாது. குறை ஒன்றுதான்: நனைய நனையக் கனக்கும்.

கனக்காத கொங்காணி ஒன்று வேண்டும். அதையே கடைத்தெருவுக்கும் போட்டுக்கொண்டு போக வேண்டும். மலைநடைக்குச் சுமக்கும் மூட்டையின் கணக்கு சென்ற வாரம் காலணியோடு நின்றது; இந்த வாரம் தொப்பி வைத்த சட்டையில் வந்து நிற்கிறது.

தொப்பியையும் சேர்த்துத் தைத்த சட்டை, பனிப்பிரதேசத்துச் சொத்து. ‘அனோராக்’ என்ற சொல் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘பார்க்கா’ வட ரஷ்யாவின் நெனெட்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆர்க்டிக் மக்கள் சீலின் தோலை மட்டும் உடுத்தவில்லை. அதன் குடலைச் சுத்தம் செய்து, காயவைத்து, பட்டை பட்டையாகத் தைத்து மழைச்சட்டையாகவும் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடித்தாள் போல மெல்லிசு. தண்ணீர் உள்ளே வராது. எடை குறைந்த மழைச்சட்டை என்ற யோசனை நைலானுக்கு வெகுகாலம் மூத்தது.

நகரத்துக்கு இந்த உடை வந்த வழிகளில் இரண்டு முக்கியமானவை. 1930களில் நியூயார்க் மாநிலத்தின் குளிர்பதனக் கிடங்குத் தொழிலாளிகளுக்காகச் சாம்பியன் நிறுவனம் தடித்த பருத்திப் பனியனில் தொப்பியை இணைத்தது. அதுதான் இன்றைய ஹூடிக்குத் தாத்தா. 1965இல் பாரிஸில் லெயோன்-க்ளோத் துய்அமெல் என்பவர் மெல்லிய நைலான் மழைச்சட்டை ஒன்றைச் செய்தார். மடித்தால் அதுவே சிறு பையாகும், இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பெயர் ‘கே-வே’. பிரான்ஸில் எந்தக் கம்பெனி மழைச்சட்டையையும் அந்தப் பெயராலேயே அழைக்கும் அளவுக்குப் பரவிவிட்டது, இங்கே நகல் எடுப்பதையெல்லாம் ‘ஜெராக்ஸ்’ என்பது போல.

கல்லூரி வாசல்களில் இன்று காணும் ஹூடி தாத்தா வழி வந்தது. மலைக்கு அது ஆகாது.

ஏன் ஆகாது என்பதைத் திருப்பூர்க்காரர்கள் ஒரே எண்ணில் சொல்லிவிடுவார்கள். அங்கே துணியைப் பற்றிய பேச்சே ஜிஎஸ்எம்மில்தான் தொடங்கும். ஒரு சதுர மீட்டர் துணிக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. டீஷர்ட் துணி 160, 180 என்றால், உள்பக்கம் பஞ்சு எழுப்பிய ஹூடித் துணி 300ஐத் தொடும். அது காய்ந்திருக்கும்போது. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் சும்மா தொங்கும் பருத்தியே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை சேர்ந்தால் வித்தியாசம் இன்னும் பெருகும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடற்சூட்டைக் கடத்திவிடும் என்பதால், ஈரப் பருத்தி போர்வை வேலையை விட்டுவிட்டுக் குளிர்பெட்டி வேலையை எடுத்துக்கொள்ளும்.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இதைப் படிக்கவே தேவையில்லை. மூங்கில் தடியோடு இரவில் படி ஏறத் தொடங்கும்போது முதல் மலையிலேயே பனியன் பிழியலாம் போல ஆகிவிடும். ஏழாவது மலையில், விடியலுக்கு முன், வரிசையில் அசையாமல் நிற்கும்போது காற்று வரும். அந்த நேரத்தில் பல் கிட்டுவதற்குப் பாதிக் காரணம் மலைக்குளிர். மீதிப் பாதி, ஏறும்போது தானே சேர்த்துக்கொண்ட ஈரம்.

கடைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எது நல்லது’ என்பதல்ல. காற்றா, வெயிலா, மழையா, எதைத் தடுக்க இந்தச் சட்டை? மூன்றையும் தடுக்கும் என்று விற்பனையாளர் சொன்னால், அது எடை குறைந்ததாகவோ விலை குறைந்ததாகவோ இருக்காது. பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

காற்றுக்கு என்றே ஒரு வகை உண்டு. விண்ட்ஷர்ட் என்பார்கள். வாழைத்தோல் கனத்துக்குக்கூட வராத நைலான். தொப்பியோடு சேர்த்து ஏறத்தாழ 100 கிராம். படகோனியா நிறுவனம் தன் விண்ட்ஷர்ட்டுக்கு மாயவித்தைக்காரர் ஹூடினியின் பெயரை வைத்திருக்கிறது. மார்புப் பாக்கெட்டுக்குள் முழுச்சட்டையும் சுருண்டு மறைந்துவிடும். இவ்வளவு மெல்லிசு என்ன செய்துவிடும் என்று தோன்றும். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் கையாளும் குளிர்காற்றுக் கணக்குப்படி, 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே. அந்தக் காற்றை மட்டும் நிறுத்திவிட்டால், உள்ளே போட்டிருக்கும் பழைய பனியனுக்கே உயிர் வந்துவிடும். இமயமலைக் கணவாய்களுக்குப் போகிறவர் பையில் முதலில் வைக்க வேண்டியது இதைத்தான்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றை முழுக்க அடைத்துவிடும் துணி, வியர்வை ஆவியையும் அடைத்துவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: துணியை வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு கொஞ்சம் கஷ்டப்பட்டு மறுபக்கம் போனால் நடைக்கு ஏற்றது. துளியும் போகவில்லை என்றால் அது நிற்கும்போது போட. ஏறும்போது போட்டால் உள்ளே இட்லி வேகும். விற்பனையாளர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

டீனியர் என்ற எண்ணையும் கவனிக்கலாம். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதே அந்த எண். 20 டீனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூலுக்கு 20 கிராம்தான் எடை. கேட்கப் பெருமையாக இருக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணிச்செடிப் புதருக்குள் நுழையும் வரை. முள்ளுக்கு அது சிலந்திவலை.

வெயில் சட்டையின் கதை வேறு. பசிபிக் கிரெஸ்ட் பாதை மெக்சிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லை வரை சுமார் 4,265 கிலோமீட்டர் ஓடுகிறது. தொடக்கத்திலேயே தென் கலிபோர்னியாவின் பாலை. அங்கே நடப்பவர்கள் இப்போது அரைக்கை பனியனை விட்டுவிட்டு, முழுக்கையும் தொப்பியும் வைத்த, வெளிர் நிறத்து, மெல்லிய பின்னல் சட்டைக்கு மாறியிருக்கிறார்கள். சன் ஹூடி என்று பெயர். வெயிலில் கூடுதலாக மூடிக்கொள்வதா என்று கேட்பவர்கள், கோவையிலும் சென்னையிலும் மதிய வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களைப் பார்க்கலாம். முகத்தைச் சுற்றி ஷால், கையில் கவர். சன் ஹூடி செய்வது அந்த இரண்டின் வேலையைத்தான், ஒரே தையலில்.

இதற்கான அளவுகோல் யூபிஎஃப். ஆஸ்திரேலியாவில் உருவாகி, 1996இல் தரநிர்ணயமானது. 50 என்று போட்டிருந்தால் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் தோலுக்கு வரும். சாதாரண வெள்ளைப் பருத்தி டீஷர்ட் பத்தைக்கூடத் தொடாது. நனைந்தால் இன்னும் இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்குப் போகிறவர் குளிருகிறது என்று வெயிலை மறந்துவிடக்கூடாது. ஊட்டியில் கறுத்துப்போய்த் திரும்பிவந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

மலைக்கும் அன்றாடத்துக்கும் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இந்தச் சட்டையே சரி. 150, 200 கிராம் எடை. அலுவலகத்து ஏசிக்கும் போதும், பேருந்து ஜன்னலுக்கும் போதும். தொப்பி மெல்லிசாக இருப்பதால் ஹெல்மெட்டுக்குள் அடங்கும். தடித்த ஹூடியின் தொப்பியோ பைக்கில் பின்னால் பாராசூட் மாதிரி ஊதிக்கொண்டு கழுத்தை இழுக்கும். பாலியஸ்டருக்கே உரிய வியர்வை நாற்றம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மெரினோ கம்பளியில் அந்தத் தொல்லை குறைவு; ஆனால் விலை எட்டாது, பூச்சியும் விடாது. தினமும் அலசிப் போடச் சோம்பல்படுகிறவர் பணத்தைச் சேர்த்து மெரினோவுக்கே போகலாம்.

ஃப்ளீஸ் வகைக்கு இங்கே அதிக இடம் தேவையில்லை. உள்பக்கம் கட்டம் கட்டமாகப் பின்னிய மெல்லிய ஃப்ளீஸ் இமயமலை முகாமில் அருமை. சென்னையில் அது அலமாரியைவிட்டு வெளியே வராது.

மழைக்குத் தனிச்சட்டைதான். உறையின் சீட்டில் 2,000 மில்லிமீட்டர், 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது, துணி கசியத் தொடங்கும் முன் தாங்கும் நீர்த்தூணின் உயரம். தூறலுக்கு முதலாவது போதும். பையின் வார் தோளை அழுத்தும் இடத்தில், வால்பாறையின் ஆடிமழையில், அது போதாது. மழைச்சட்டையே வாங்காமல் சமாளித்தவர்களும் உண்டு. 1955இல் 67 வயது எம்மா கேட்வுட் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தபோது, மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறைத் திரை. நம் சாக்குக் கொங்காணிக்குத் தூரத்துச் சொந்தம்.

தொப்பியைப் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். கண்ணாடி முன் நின்று தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தொப்பி தலையோடு திரும்பினால் நல்லது. தலை மட்டும் திரும்பி, பார்வை துணியில் முட்டினால் சாலை கடக்கும்போது ஆபத்து. நெற்றியில் சின்ன விளிம்பு இருந்தால் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு உபகாரம்.

துவைப்பதில் ஒரு தப்பு எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி, விண்ட்ஷர்ட்டிலும் மழைச்சட்டையிலும் நீரை உருட்டிவிடும் பூச்சைக் கெடுத்துவிடும். பூச்சு அசந்துபோனால், மேல்நாட்டில் சூட்டு உலர்த்தியில் போடச் சொல்வார்கள். இங்கே இஸ்திரிப்பெட்டி போதும்: இஸ்திரி போடலாம் என்று சட்டையின் சீட்டில் இருந்தால், குறைந்த சூடு, மேலே ஒரு துண்டு, மெதுவாக ஒரு தேய்ப்பு. துண்டு இல்லாமல் தேய்த்தால் நைலான் பெட்டியோடு போய்விடும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தண்ணீர் பாட்டிலா, குழாய் வைத்த பையா?