ஐந்தாம் படிவம் முடிந்தது, அடுத்த வாசல் எது?

அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே வந்தால் நெல் வயல்கள் முடிந்து, குருணைத் தாண்டியதும் பால்மரமும் செம்பனையும் தொடங்கிவிடும். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டம் முடித்துவிட்டு நாம் எழுந்தபோது ஓர் அம்மா வழிமறித்தார்.

"அண்ணே, எம் பையன் எஸ்.பி.எம். எழுதிட்டான். பாஸ் பண்ணிடுவான்னு வாத்தியார் சொல்றாரு. அவன் கூட்டாளிங்க எல்லாம் கூலிம் பேக்டரிக்கு பஸ் ஏறிட்டாங்க. இவனும் போறேங்கிறான். மேல படிக்க வைக்கலாம்னா எங்க போறது, யாரைக் கேக்கறது, ஒண்ணும் புரியலண்ணே."

தோழர்களே, தாய்மார்களே, இந்தக் கேள்வியை நாம் கெடாவில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கேட்கிறோம். ஆகவே இந்த வாரம் சம்பளப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளைகள் பேச்சைப் பேசுவோம்.

முதலில் பேக்டரி. அதை நாம் குறை சொல்ல வரவில்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைமும் சேர்ந்தால் பையன் கொண்டுவரும் பணம் அப்பன் சம்பளத்தை எட்டிவிடும். வீட்டில் கடன் இருந்தால் அந்தப் பணம் பெரிய ஆறுதல்தான். ஆனால் கைத்தொழில் சான்றிதழ் எதுவும் இல்லாமல் போகிறவன், 10 வருடம் கழித்தும் அதே மெஷின் முன்னால்தான் நிற்பான். ஆள்குறைப்பு வந்தால் முதலில் போவதும் அவன்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. 60 வயதில் ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறினால் அதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டி வரலாம். அன்றைக்கு நமக்கு நிழல் தரப்போவது பிள்ளையின் தொழில்தான். இன்று அவன் எடுக்கும் முடிவு குடும்பத்தின் முடிவு.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் பிடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டு கள்ளுக்கடையை எதிர்த்தது. குடிக்குப் போகும் காசு குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அடிபட்ட மண் இது. அந்த மண்ணின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்று, ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. முடிவில் எஸ்.டி.பி.எம். தேர்வு. செலவு மிகக் குறைவு. நல்ல புள்ளி எடுத்தால் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுச் செய்யலாம். 1984இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் நம் மாநிலத்திலேயே, சிந்தோக்கில் இருக்கிறது. கஷ்டமான தேர்வு என்று பலர் பயந்து ஓடுகிறார்கள். பொறுமையாகப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான பாதை இல்லை.

இரண்டு, மெட்ரிகுலேஷன். பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. கெடாவின் கல்லூரி சாங்லூனில் இருக்கிறது. 2019இல் நாடு முழுவதுக்குமான இடங்கள் 25,000த்திலிருந்து 40,000 ஆக்கப்பட்டன. பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விகிதம் அப்போது மாறவில்லை. 10 ஏ எடுத்தவர்களுக்கு இன பேதமின்றி இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. எந்த ஏ கணக்கில் சேரும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் குறைவு என்பதற்காக மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். கேட்டால் கிடைக்கலாம், கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

மூன்று, போலிடெக்னிக். நடுத்தரமாகத் தேறிய பிள்ளைக்கு இது நல்ல வாசல். ஜித்ராவில் சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்சாம் ஷா போலிடெக்னிக், கூலிமில் துவாங்கு சுல்தானா பஹியா போலிடெக்னிக் இருக்கின்றன. எல்லாப் பாடத்திலும் ஏ வேண்டும் என்பதில்லை. சில பாடங்களில் கிரெடிட், குறிப்பாகக் கணிதத்தில், இருந்தால் டிப்ளோமாவுக்கு வழி உண்டு. கட்டணம் ஏழைத் தொழிலாளியால் கட்டக்கூடியதுதான். மின்சாரம், இயந்திரம் படித்தவனை அதே கூலிம் பேக்டரி டெக்னீஷியனாக எடுக்கும். அதே வாசல், வேறு நாற்காலி.

நான்கு, கைத்தொழில் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம். இதில் 1, 2, 3 என்று நிலைகள். 4ஆம் நிலை டிப்ளோமா, 5ஆம் நிலை உயர் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். கட்டாயமில்லை. வெல்டிங், ஏர்கண்டிஷன், வயரிங், வாகனம் என்று எத்தனையோ தொழில்கள். ஏற்கனவே பேக்டரியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம். வேலை செய்துகொண்டே பயிற்சி பெறும் இரட்டைப் பயிற்சி முறை 2005 முதல் இருக்கிறது. பல வருட அனுபவம் உள்ளவர், அந்த அனுபவத்தைக் காட்டியே சான்றிதழ் பெறவும் வழி உண்டு.

ஐந்து, ஆசிரியர் பயிற்சி. சுங்கைப்பட்டாணியிலேயே பயிற்சிக் கழகம் இருக்கிறது. மிகச் சிறந்த தேர்ச்சி வேண்டும். தமிழாசிரியராக விரும்பும் பிள்ளை எஸ்.பி.எம்.மில் தமிழை எடுத்தே ஆக வேண்டும். "தமிழ் எடுத்தா ஒரு ஏ போயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தமிழே சோறு போடும்.

வாசல்களைச் சொல்லிவிட்டோம். இனி நம் பிள்ளைகள் தடுக்கி விழும் படிகளைச் சொல்ல வேண்டும்.

முதல் படி மொழி. எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் வர தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். வரலாறு 2013 முதல் சேர்ந்தது. மற்ற பாடங்களில் எத்தனை ஏ வந்தாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. அப்படிப் போய்விட்டால் மீண்டும் அந்தத் தாளை எழுதலாம். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார வேண்டாம். நம்மில் பலர் தோட்டப் பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போய், ஒரு வருடம் பிந்தி வந்தவர்கள்தாம். ஒரு வருடம் போனதால் வாழ்க்கை போய்விடவில்லை.

இரண்டாம் படி பத்திரம். பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அப்பா அம்மா திருமணம் பதியாமல் இருந்தாலும், கடைசி நேரத்தில் பிள்ளைதான் அலைகிறது. அடையாளக் கார்டு இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். மூன்றாம் படிவத்திலேயே பத்திரங்களைச் சரிபாருங்கள். சிக்கல் இருந்தால் கிளைக் காரியதரிசியிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் படி கடன். சென்ற வருடம் ஒரு பெண்பிள்ளை நம்மிடம் வந்து அழுதது. வீடு தேடி வந்த ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து, கடன் எடுத்துப் படித்து முடித்தது. படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. வேலை கிடைக்கவில்லை, கடன் மட்டும் நிற்கிறது. பி.டி.பி.டி.என். தருவது கடன், தர்மம் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டும். எந்தத் தனியார் கல்லூரியானாலும், அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜெண்டு காட்டும் வர்ணத் தாளை நம்பாதீர்கள். ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நான்காம் படி தேதி. பல்கலைக்கழகம், போலிடெக்னிக் மனுக்கள் யு.பி.யு. வழியாக இணையத்தில் போகின்றன. மெட்ரிகுலேஷனுக்குத் தனி மனு. தேதி முடிந்தால் கதவு சாத்திவிடும். "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்து ஒரு வருடத்தை இழந்தவர்கள் ஏராளம். பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு அவர் அறைக்குப் போவதே இல்லை. பெற்றோர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனால்தான் என்ன? ஒரு நாள் பேர் போனால் போகட்டும்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் படிவப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கோயில் மண்டபத்தில் கூட்டுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரையும், போலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றையும் பேச வையுங்கள். துரையிடம் சம்பளம் கேட்பது போலவே இதுவும் சங்க வேலைதான்.

அந்த அம்மாவின் பையனையும் கூப்பிட்டுப் பேசினோம். "என்ன தம்பி பிடிக்கும் உனக்கு?" என்றோம். தலையைக் குனிந்துகொண்டு, "மோட்டார் ரிப்பேர்" என்றான். லயத்தில் பாதிப் பேருடைய மோட்டாரை அவன்தான் பார்க்கிறானாம். கணிதமும் பரவாயில்லையாம். போலிடெக்னிக்குக்கு மனுப் போடச் சொன்னோம். அது கிடைக்காவிட்டால் எஸ்.கே.எம். "ரிசல்ட் வரும்வரை பேக்டரிக்குப் போ, தப்பில்லை. முதல் மாதச் சம்பளத்தில் சேர்க்கைச் செலவுக்கு எடுத்து வை" என்றோம். பையன் தலையாட்டினான். அம்மா, "மனு நீங்களே பாத்து எழுதிக் குடுங்கண்ணே" என்றார்.

எழுதிக் கொடுப்போம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த கிளைக் கூட்டத்துக்குப் பிள்ளையையும் பிறப்புப் பத்திரத்தையும் கூடவே கொண்டு வாருங்கள்.