ட்ரோன் வந்துவிட்டது, சான்றிதழ் வந்ததா?

மாப்பிள்ளை அழைப்பு மண்டப வாசலை நெருங்கும்போதே தலைக்கு மேல் தேனீக்கூட்டம் போல ஓர் இரைச்சல். நாதஸ்வரக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி வாசிக்கிறார். வாழைமரத்தை ஒட்டி நிற்கும் இளைஞனின் கண் ரிமோட் திரையை விட்டு அகலவில்லை. சீரியல் செட் வயருக்கும் ட்ரோனுக்கும் இடையே நாலடி இருந்தால் அதிகம். இறக்கியதும் பேச்சுக் கொடுத்தேன்.

"லைசென்ஸ் வச்சிருக்கீங்களா தம்பி?"

"இது 249 கிராம் சார். இதுக்கு எதுவும் வேணாம்."

பாதி உண்மை. 250 கிராம் வரை எடையுள்ளது நானோ வகை. அதை இயக்கச் சான்றிதழ் தேவையில்லை, காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கத்தான் வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிடவும் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சிவப்பு. அந்த மண்டபம் இருந்த இடமோ, மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம்!

எடை கூடினால் கதையே வேறு. 250 கிராமுக்கு மேல் இரண்டு கிலோ வரை மைக்ரோ. மொட்டை மாடியில் நம் ஆசைக்குப் பறக்கவிட்டால் இதற்கும் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனைக் கூலி வாங்கிக்கொண்டு கல்யாணத்தில் பறக்கவிட்டால் வேண்டும். கல்யாண ட்ரோன்காரர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இந்தச் சட்டத்தின் கதையும் வேடிக்கையானது. 2014 மே மாதம் மும்பையில் ஒரு கடை ட்ரோனில் பீட்சா அனுப்பிப் பார்த்தது. போலீஸ் விசாரணைக்கு வந்தது. அந்த அக்டோபரிலேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தனியார் ட்ரோன்களுக்கு மொத்தமாகத் தடை போட்டது. 2018 டிசம்பரில் கதவு திறந்தது, ஆனால் காகிதக் குவியலோடு. 2021 மார்ச்சில் வந்த விதிகள் அதைவிடக் கடுமை. ஐந்தே மாதத்தில் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆகஸ்ட் 25 அன்று 'ட்ரோன் விதிகள் 2021' வந்தன. 25 படிவங்கள் ஐந்தாகச் சுருங்கின. பதிவுக் கட்டணம் வெறும் நூறு ரூபாய். 2022 பிப்ரவரியில் 'லைசென்ஸ்' என்ற சொல்லே போய், பயிற்சிப் பள்ளி வழியாகக் கிடைக்கும் ரிமோட் பைலட் சான்றிதழே போதும் என்றானது. 2023இல் அந்தச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது. இவ்வளவு இறங்கி வந்த பிறகும் 'அரசாங்கம் அலைக்கழிக்கிறது' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

18 வயது முடிந்து 65க்குள் இருந்தால், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால், பயிற்சியில் சேரலாம். முதலில் வகுப்பறைப் பாடம், பிறகு கணினித் திரையில் பழகுதல், கடைசியில் மைதானத்தில் நிஜ ட்ரோன். சான்றிதழ் பத்து ஆண்டுக்குச் செல்லும். செலவாவது பயிற்சிக் கட்டணத்துக்குத்தான். அது சில பத்தாயிரங்களைத் தொடும். கல்யாண சீசனை நம்பிப் பிழைக்கும் பையனுக்கு அது பாரம்தான், மறுக்கவில்லை.

தமிழ்நாட்டில் பயிற்சிக்கும் பஞ்சமில்லை, ட்ரோன் ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழுவை நடிகர் அஜித் பெயரோடு சேர்த்துப் பலரும் அறிவார்கள். 2018இல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த குழு அது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ட்ரோன் வளர்த்தவர்கள்!

வயல்காட்டில் நிலைமை கொஞ்சம் மேல். மருந்தடிக்கும் ட்ரோன் பத்து லிட்டர் தொட்டியோடு வருவதால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட 'ஸ்மால்' வகுப்பில் சேர்ந்துவிடும். சான்றிதழ் இல்லாமல் தொடவே முடியாது. விசிறிக்காற்றில் நெற்பயிர் படிந்து நிமிர, ஓர் ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் காற்று திரும்பினால் மருந்து பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் போய் இறங்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கைதான் அங்கே வேண்டும். மத்திய அரசின் 'ட்ரோன் தீதி' திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாக அறிவித்தார்கள். எட்டு லட்சம் வரை 80 சதவீத மானியம். கூடவே 15 நாள் பயிற்சி. ட்ரோனோடு பயிற்சியையும் சேர்த்தே கட்டியதுதான் அந்தத் திட்டத்தின் நல்ல அம்சம்.

மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆனால் ஒவ்வொரு மண்டப வாசலிலும் அதிகாரி வந்து நிற்க முடியாது. காசு கொடுப்பவர்தான் கேட்க வேண்டும். ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று பேரம் பேசுகிறோம், தலைக்கு மேல் பறப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அடுத்த முறை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ட்ரோனின் அடையாள எண், ஓட்டுபவரின் சான்றிதழ், காப்பீடு மூன்றையும் வாங்கிப் பாருங்கள். "249 கிராம் சார்" என்று பதில் வந்தால், அடையாள எண்ணையாவது காட்டச் சொல்லுங்கள்.