கறுத்த சுருட்டெல்லாம் காட்டமா?

ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையின் தரையில் கொஞ்சம் சாம்பல் கிடக்கும். அதை அள்ளிப் பார்த்த ஹோம்ஸ், கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். சாம்பலின் கருநிறமும், ஏடு ஏடாக உதிரும் தன்மையும்தான் அவருக்கு அடையாளம். அடுத்து வந்த நாவலில், 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தான் தனி நூலே எழுதியிருப்பதாகப் பெருமையடித்துக்கொள்வார். உறையூர்ச் சந்துகளில் சுற்றிய சரக்குக்கு லண்டன் வாசகரிடம் விளக்கமே தேவைப்படாத காலம் அது.

சாம்பலை வைத்து ஊரைச் சொல்வது கதைக்குத்தான் சரிப்படும். ஆனாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. இலை எரிந்தபின் மிஞ்சும் சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாமே செடி மண்ணிலிருந்தும் பாசன நீரிலிருந்தும் உறிஞ்சியவை. பொட்டாசியம் நிறைய இருந்தால் இலையில் கங்கு அணையாமல் நிற்கும். மக்னீசியம் சாம்பலை வெளுப்பாக்கும். குளோரைடு கூடினால் இலை தடித்து, ஈரம் காத்து, பற்றவைத்த நெருப்பைத் தானே அவித்துவிடும். அதனால் சுருட்டுப் புகையிலைக்குச் சாம்பல் சத்து போடும் விவசாயி பொட்டாசியம் குளோரைடைத் தொடமாட்டார். பொட்டாசியம் சல்பேட்டைத்தான் தேடுவார். உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த இலையில் நல்ல சுருட்டு செய்ய முடியாது.

ஆக, சுருட்டு எப்படி எரியும் என்பதைச் சாம்பல் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு காட்டம் என்பதை அது காட்டாது. அதற்குப் பெரும்பாலோர் சுருட்டின் வெளியே சுற்றிய மேலிலையின் நிறத்தைப் பார்க்கிறார்கள். வெளுத்த சுருட்டு சாது, கறுத்த சுருட்டு முரடு என்பது பரவலான கணக்கு. கருப்பசாமிக்குப் படையல் வைப்பவர்கூட இருப்பதில் கறுத்த சுருட்டாகப் பொறுக்கி வைக்கலாம். சாமிக்கு ஏற்ற காட்டம் என்று நினைத்துத்தான். இந்தக் கணக்கு தவறு. காட்டம் ஓரிடத்தில் பிறக்கிறது, நிறமும் மணமும் வேறிடத்தில், வேறு காலத்தில் பிறக்கின்றன.

காட்டம் என்றால் நிகோடின். அது இலையில் இருக்கிறது, ஆனால் இலையில் உண்டாவதில்லை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தாவரவியலாளர் ரே டாசன் இதை ஒட்டுக்கட்டிக் காட்டினார். புகையிலையும் தக்காளியும் ஒரே கத்தரிக் குடும்பத்துச் செடிகள் என்பதால் ஒன்றின் வேரில் மற்றதை ஒட்டலாம். தக்காளி வேரின் மேல் புகையிலைத் தளிரை வளர்த்தபோது, பார்வைக்குப் புகையிலைச் செடியாகவே வளர்ந்த அதன் இலைகளில் நிகோடின் ஏறக்குறைய இல்லை. புகையிலை வேரின் மேல் தக்காளியை வளர்த்தபோது, தக்காளி இலையில் நிகோடின் சேர்ந்திருந்தது. வேர்தான் தொழிற்சாலை, தண்ணீரோடு நிகோடின் தண்டு வழியே மேலேறி இலையில் சேமிக்கப்படுகிறது. இலையைத் தின்ன வரும் பூச்சிக்காகச் செடி வைத்திருக்கும் நஞ்சு அது. மனிதன் அதைத் தேடிப்போய்ப் பிடிப்பான் என்று செடி எதிர்பார்த்திருக்காது.

புகையிலை விவசாயிக்கு இந்த வேதியியல் தெரியாவிட்டாலும் கைப்பழக்கம் தெரியும். பூமொட்டு தலைகாட்டியதும் நுனியைக் கிள்ளிவிடுவார். சில நாட்களில் இலை இடுக்குகளிலிருந்து கிளம்பும் பக்கத் தளிர்களையும் ஒடித்துப் போடுவார். விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பி, இலை அகன்று தடிக்கும். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. நுனி முறிந்ததைச் செடி பூச்சிக் கடியாகவே எடுத்துக்கொள்கிறது. மல்லிகை எண்ணெயில் முதலில் அறியப்பட்ட ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் குடும்பம் வேருக்கு எச்சரிக்கை அனுப்ப, வேர் நிகோடின் உற்பத்தியைக் கூட்டுகிறது. இலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, எவ்வளவு வெயில் வாங்குகிறதோ, எவ்வளவு காலம் செடியில் முதிர விடப்படுகிறதோ, அதற்கேற்பக் காட்டமும் ஏறும்.

கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ என்றொரு பகுதி உண்டு. உலகின் மிகப் பெயர்பெற்ற சுருட்டுப் புகையிலை அங்கே விளைகிறது. அங்கே ஒரே செடியின் இலைகளைக் கீழிருந்து மேலாக, வாரக் கணக்கில் இடைவெளி விட்டு ஒடிக்கிறார்கள். அடி இலைக்கு வொலாடோ என்று பெயர். மெல்லியது, காட்டம் குறைவு, ஆனால் நன்றாக எரியும். நடு இலை செக்கோ, மணத்துக்கு. செடியின் மேற்பகுதி இலை லிஹேரோ, தடித்து எண்ணெய்ப் பசையோடு இருக்கும், மெதுவாக எரியும், காட்டம் முழுவதும் அதில்தான். சில செடிகளில் மட்டும் லிஹேரோவுக்கும் மேலே உச்சியில் ஓரிரு இலை கிடைக்கும். அதை மெதியோ தியெம்போ என்று தனியாக எடுத்து வைக்கிறார்கள். சுருட்டு சுற்றுபவர் எந்த இலையை எத்தனை வைக்கிறார் என்பதிலேயே காட்டம் நிர்ணயமாகிவிடுகிறது. லிஹேரோ எப்போதும் நட்டநடுவில் போகும். ஓரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் எரியாமல் சுருட்டு கோணலாகும்.

நிகோடின் எவ்வளவு இருக்கிறது என்பதோடு கதை முடியவில்லை. அது உடலுக்குள் எப்படிப் போகிறது என்பதும் காட்டத்தில் சேரும். இங்கேதான் சுருட்டும் சிகரெட்டும் பிரிகின்றன. ஆந்திரத்து வர்ஜீனியா புகையிலை போன்ற சிகரெட் இலையை ஒடித்ததும் சூட்டுக் கொட்டகையில் ஏற்றி ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுவார்கள். இலை சட்டென்று செத்துப்போவதால் அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிய நிலையிலேயே நின்றுவிடும். அந்த இலை எரியும்போது புகை அமிலத் தன்மையோடு வரும். சுருட்டு இலையோ நிழற்கொட்டகையில் ஒன்றரை, இரண்டு மாதம் காற்றிலேயே தொங்கும். ஒடித்த பின்னும் பல நாள் அது உயிரோடு மூச்சுவிட்டு, தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடுகிறது. புரதமும் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. அதனால் சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது.

அமிலப் புகையில் நிகோடின் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும். நுரையீரல் வரை போனால்தான் இரத்தத்தில் சேரும். காரத்தன்மை உள்ள புகையில் அது கட்டவிழ்ந்து, கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகவே இறங்கிவிடும். வெற்றிலையில் புகையிலை வைப்பவர் சுண்ணாம்பைத் தடவாமல் மெல்ல மாட்டார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புகையிலை ஏறாது என்பார். அவர் வாய்க்குள் செய்வதும் இதே வேதியியல்தான்.

இதிலிருந்து ஒரு தப்பெண்ணமும் பிறந்திருக்கிறது. சுருட்டுப் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்பார்கள். இழுக்கத் தேவையில்லாததால்தான் இழுப்பதில்லை. வாயிலேயே வேலை முடிந்துவிடுகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழல் புற்றுநோய்களுக்குச் சுருட்டு காரணமாகிறது என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் இல்லை. நாளுக்கு இருபது சுருட்டு வரை பிடித்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923-ல் வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும், தாடையில் ஒரு பகுதியை இழந்த பிறகும் அவர் சுருட்டை விடவில்லை. மனதை ஆராய்ந்தவரையும் நிகோடின் ஆண்டது.

இனி மணம். பச்சைப் புகையிலைக்குச் சுருட்டின் மணம் கிடையாது. பிசுபிசுக்கும் பச்சிலை வாடைதான். இலையின் மேல் உள்ள நுண்மயிர்கள் சுரக்கும் பிசின் ஒடிப்பவர் கையில் அப்பிக்கொள்ளும். இந்தப் பிசினும், இலையின் பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் நிறமிகளும்தான் மணத்தின் மூலப்பொருட்கள். கொட்டகையில் தொங்கும்போது பச்சை மெல்ல அழிந்து மஞ்சள் மேலெழும்பும், பின்பு அதுவும் பழுப்பாகும். மஞ்சள் நிறமி உடைந்தால் அயனோன், டமாசினோன் போன்ற சிறு மூலக்கூறுகள் கிடைக்கும். ரோஜாவின் மணத்தில் பங்குள்ள அதே டமாசினோன்தான். தேயிலையிலும் அது உண்டு. நல்ல சுருட்டைப் பற்றவைக்காமல் முகர்ந்தாலே ஏதோ பழமும் பூவும் கலந்தாற்போலத் தோன்றுவது கற்பனை இல்லை.

அதன்பின் பாடம் போடுவது. காய்ந்த இலைக்கு ஈரம் காட்டி, கட்டுக் கட்டாக அடுக்கிப் பெரிய போராக ஏற்றி மூடிவிடுவார்கள். யாரும் நெருப்பு வைக்காமலே போருக்குள் சூடு ஏறத் தொடங்கும். நாற்பது டிகிரி செல்சியசைத் தாண்டவும் செய்யும். சூடு அளவு மீறினால் இலை வெந்து வீணாகும் என்பதால் நடுவில் வெப்பமானியைச் செருகி வைத்துக் கவனித்து, போரைப் பிரித்து, வெளியே இருந்த இலை உள்ளே வருமாறு மாற்றி அடுக்குவார்கள். இது வாரங்கள், மாதங்கள் நடக்கும். அந்தக் கிடங்குக்குள் புதிதாக நுழைபவருக்கு அம்மோனியா நெடியில் கண் எரியும். ஆனால் அந்த நெடி வெளியேறுவதுதான் நோக்கம். கசப்பும் கரகரப்பும் நிகோடினில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். காட்டமான லிஹேரோ மட்டும் சீக்கிரம் பணியாது; அதற்கு இரண்டு ஆண்டாவது வேண்டும்.

போருக்குள் சூட்டை உண்டாக்குவது யார் என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. நுண்ணுயிர்கள்தான் என்றார் ஜெர்மானியரான சுக்ஸ்லாண்ட், 1891-ல். மேற்கிந்தியப் புகையிலையிலுள்ள பாக்டீரியாவை எடுத்து மட்டமான ஜெர்மன் புகையிலையில் விட்டால் அதுவும் உயர்ந்துவிடும் என்பது அவருடைய யோசனை. தயிருக்கு உறை குத்துவது போலச் சுருட்டுக்கும் உறை குத்தப் பார்த்தார். வியாபாரிகளுக்கு இது எவ்வளவு இனித்திருக்கும்! அமெரிக்க வேளாண்மைத் துறையில் ஆய்வு செய்த ஆஸ்கர் லோவ் இதை மறுத்தார். இலைக்குள் ஏற்கனவே இருக்கும் நொதிகளே வேலை செய்கின்றன என்றார். அந்த ஆராய்ச்சியில் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் ஒரு நொதியைக் கவனித்து, 1900-ல் அதற்குக் கேட்டலேஸ் என்று பெயரிட்டார். உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இன்று எல்லா மாணவரும் படிக்கும் கேட்டலேசுக்குப் பெயர் கிடைத்தது சுருட்டுக் கிடங்கு ஆராய்ச்சியில். சண்டையில் இருவருக்கும் பாதி வெற்றி என்றே சொல்ல வேண்டும். நொதி, நுண்ணுயிர், காற்றின் ஆக்சிஜன் மூன்றுமே போருக்குள் வேலை செய்கின்றன.

கறுப்பு நிறம் வருவது இந்தக் கட்டத்தில்தான். இலையின் பாலிபினால்கள் காற்றுப்பட்டுப் பழுப்பாகிக் கறுக்கின்றன. மதுரோ என்று விற்கப்படும் ஏறக்குறைய கரிய மேலிலை, அதிகச் சூட்டில் அதிக நாள் பாடம் போட்டது. அவ்வளவு நாள் போரில் கிடந்ததால் அதன் முரட்டுத்தனம் தணிந்து, ஓர் இனிப்புச் சாயல்கூடத் தட்டும். வெளுத்த மேலிலைக்குள் லிஹேரோவை அடைத்து வைத்திருந்தால், பார்த்து ஏமாந்தவருக்குத் தலை சுற்றும், குமட்டும், வியர்த்துக் கொட்டும். காட்டம் உள்ளே இருக்கிறது; நிறம் வெளியே.

மேலிலையே தனி உலகம். துணிப் பந்தலின் நிழலில் வளர்த்தால் இலை மெலிந்து, நரம்பு தெரியாமல், பட்டுப்போல வரும். பந்தல் இல்லாமலே அப்படிப்பட்ட இலையைத் தந்தது சுமத்ராவின் தெலி பகுதி. டச்சுக்காரர் யாக்கோபஸ் நியென்ஹாய்ஸ் 1863-ல் அங்கே தொடங்கிய புகையிலைத் தோட்டங்கள் ஐரோப்பியச் சுருட்டுகளுக்கெல்லாம் மேலிலை அனுப்பின. அந்தத் தோட்டங்களுக்குச் சீனர்களோடும் ஜாவாக்காரர்களோடும் தமிழர்களும் கூலிகளாகப் போனார்கள். வாய்க்கால் வெட்டுவதும் மாட்டுவண்டி ஓட்டுவதும் அவர்கள் தலையில் விழுந்தன. மேடான் நகரத்து மாரியம்மன் கோயில் அவர்கள் வழிவந்தவர்களுடையது.

விதையைத் தூக்கிக்கொண்டு போனால் மணமும் கூடவே வருமா? 1959 புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டுப்போன சுருட்டுக் குடும்பங்கள் இதைச் சோதித்துப் பார்த்தன. ஒரு சிமிழ் விதை பல ஏக்கருக்குப் போதும், அவ்வளவு பொடி விதை. நிகரகுவாவின் எஸ்தெலியிலும் ஹோண்டுராசிலும் டொமினிக்கன் குடியரசிலும் கியூப விதை முளைத்தது. எஸ்தெலியின் எரிமலை மண்ணில் அது இன்னும் முரடாக வளர்ந்தது; டொமினிக்கன் இலை சாந்தமானது என்று பெயர் வாங்கியது. திண்டுக்கல்லுக்கு அருகே வேடசந்தூரில் உள்ள புகையிலை ஆராய்ச்சி நிலையமும் நம் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஏற்ற இலையைத்தான் தேடிவந்திருக்கிறது. ஓர் ஊர் இலை இன்னோர் ஊரில் அதே இலையாக வராது.

கடைசியாக, பிடிப்பவர் பங்கு. கங்கில் இலை எரிந்துபோகிறது. மணத்தைத் தருவது கங்குக்குப் பின்னால், எரியாமல் வேகும் பகுதி. அவசரமாக இழுத்தால் சூடு ஏறி நயமான மணங்கள் சிதைந்து கசப்பு மிஞ்சும். அதனால் பழகியவர்கள் நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் இழுப்பதில்லை. முன்பகுதியிலிருந்து வரும் நிகோடினும் தாரும் பின்பகுதி இலையில் படிந்துகொண்டே வருவதால் சுருட்டு போகப்போகக் காட்டமாகும். கடைசிப் பகுதியில் புகையின் காரத்தன்மையும் ஏறும். பாதியில் அணைந்த சுருட்டை மறுநாள் பற்றவைத்தால் நாறுவது இதனால்தான். முதல் நாள் படிந்த தாரும் அம்மோனியாவும் இலையில் ஊறி, இரவு முழுக்க ஆறிக் கிடந்து, முதல் இழுப்பிலேயே ஒன்றாகக் கிளம்பி வருகின்றன.